கம்பளையில் பிறந்த ரஞ்சித் சிங்

தலையில் தலைப்பாகை, முகம் நிறையத் தாடி. வகுப்பில் ஆசிரியர் கேட்ட கேள்விக்கு ஏடாகூடமாக ஒரு பதிலைச் சொல்வார். தப்பு என்று தெரிந்ததும் இரண்டு கையையும் கூப்பிக் குனிந்து, "ஆயிரம் மன்னிப்புகள்" என்பார். அரங்கம் சிரிக்கும். அடுத்த வாரமும் அதே கும்பிடு, அதே வசனம், அதே சிரிப்பு. 1977 டிசம்பர் கடைசியில் பிரிட்டனின் ஐடிவியில் தொடங்கிய 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' தொடரைப் பார்த்தவர்களால் இந்த ரஞ்சித் சிங்கை மறக்க முடியாது.

அந்த சிங்காக நடித்தவர் பெயர் ஆல்பர்ட் மோசஸ். 1937இல் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். கண்டிக்குத் தெற்கே, மகாவலிக் கரையில், தேயிலை மலைகளுக்கு நடுவே இருக்கிற ஊர் அது. அறுபதுகளில் இந்தியாவுக்குப் போய் இந்திப் படங்களில் தலைகாட்டினார். அங்கிருந்து ஆப்பிரிக்கா போய் ஆவணப்பட வேலைகள் செய்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் லண்டனுக்கு வந்து சேர்ந்தார். 2017 செப்டம்பரில் இறக்கும்போது அவருக்கு எண்பதை எட்ட மூன்று மாதம் பாக்கி.

அவரைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. தெற்காசியாவிலிருந்து போய் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் பிழைத்த குணச்சித்திர நடிகர்களின் கதை முழுவதும் அந்த ஒரு வேடத்துக்குள் சுருண்டு கிடக்கிறது. முகம் எல்லோருக்கும் தெரியும், பெயர் யாருக்கும் தெரியாது. அவருக்குச் சோறு போட்ட உச்சரிப்போ அவருடையதே இல்லை.

அந்த உச்சரிப்பு எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். 1960இல் பீட்டர் செல்லர்ஸ் என்ற ஆங்கிலேய நடிகர் ஒரு திரைப்படத்தில் இந்திய டாக்டராக நடித்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானப்படையின் கலைக்குழுவோடு இந்தியாவைச் சுற்றியவர். கேட்ட குரல்களையெல்லாம் நாக்கில் ஏற்றிக்கொள்ளும் வித்தை தெரிந்தவர். அந்தப் படத்துக்கு விளம்பரமாக சோஃபியா லோரனோடு சேர்ந்து 'குட்னஸ் கிரேஷியஸ் மீ' என்று ஒரு பாட்டுப் பாடினார். பிரிட்டிஷ் தரவரிசையில் நான்காம் இடம் வரை ஏறியது. தலையை ஆட்டி, சொற்களைக் குதிக்க வைத்து, வாக்கியத்தின் முடிவை மேலே தூக்கிப் பேசும் பேச்சு. இந்தியர் யாரையும் நேரில் சந்தித்தே இராத லட்சக்கணக்கான வீடுகளுக்குள் இந்தக் குரல்தான் முதலில் நுழைந்தது.

பின்னால் வந்த உண்மையான தெற்காசிய நடிகர்களுக்கு இது பெரிய இடைஞ்சலாகிவிட்டது. நடிகர் தேர்வுக்குப் போய் அவரவர் இயல்பில் பேசினால், "இந்தியர் மாதிரி இல்லையே" என்பதுதான் பதில். நம்மூரில் பலகுரல் கலைஞர் ஒருவர் எம்.ஆர். ராதா குரலில் பேசிப் பெயர் வாங்கிய பிறகு, ராதாவே வந்து பேசினாலும் சரியில்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அந்த நிலைமைதான். அசல், நகலைப் பார்த்துப் பாடம் படிக்க வேண்டியதாயிற்று.

அதற்கும் முன்னால், வேடம் கிடைப்பதே பெரும்பாடு. வெள்ளைக்கார நடிகர் முகத்தில் பழுப்பு மையைத் தடவி இந்தியராக வருவதை அன்று யாரும் தப்பாக நினைக்கவில்லை. 1969இல் லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷன் (எல்.டபிள்யூ.டி.) நிறுவனம் 'கறி அண்ட் சிப்ஸ்' என்று ஒரு தொடரை எடுத்தது. அகமத்நகரில் பிறந்த ஸ்பைக் மில்லிகன் அதில் பாகிஸ்தானியாக நடித்தார். வசைச்சொல் அதிகமாகிப் புகார்கள் குவிய, ஆறு அத்தியாயத்தோடு கடையைக் கட்டினார்கள். 1974இல் பிபிசியில் தொடங்கிய 'இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம்' அப்படி இல்லை, எட்டுப் பருவங்கள் ஓடியது. போர்க்கால இந்தியாவில், தேவ்லாலி முகாமில் இருக்கும் பிரிட்டிஷ் சிப்பாய்களின் நாடகக் குழுதான் கதைக்களம். முக்கியமான இந்தியப் பாத்திரமான ரங்கி ராமாக நடித்தவர் மைக்கேல் பேட்ஸ் என்ற ஆங்கிலேயர், கறுப்பு ஒப்பனையோடு. ஜான்சியில் பிறந்தவர், உருது சரளமாகப் பேசுவார், கூர்க்காப் படையில் இருந்தவர் என்றெல்லாம் தயாரிப்பாளர்கள் நியாயம் சொன்னார்கள். சரி, அவ்வளவும் உண்மைதான். ஆனால் அதே படப்பிடிப்புத் தளத்தில், ஒப்பனை தேவையே இல்லாத ஒருவர் தேநீர்ப் பாத்திரத்தைச் சுமந்துகொண்டு நின்றிருந்தார்.

அவர் டினோ ஷஃபீக். 1930இல் டாக்காவில் பிறந்தவர். தொடரில் 'சாய்வாலா முகமது'. காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே அந்தக் காலத்து ஆங்கிலப் பாட்டு ஒன்றைத் தன் பாணியில் பாடுவார். ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடும்போது பேரரசின் பெருமை பாடும் 'லேண்ட் ஆஃப் ஹோப் அண்ட் குளோரி'யை எடுப்பார். "வாயை மூடு!" என்று சார்ஜென்ட் மேஜரின் குரல் அதட்டும். வாரா வாரம் இதுதான் முடிவு. எழுதியவர்கள் என்ன நினைத்து எழுதினார்களோ, இந்தத் தொடரிலேயே உருப்படியான நையாண்டி அதுதான் என்பது என் கட்சி. 1978 தொடக்கத்தில் மைக்கேல் பேட்ஸ் இறந்தார். ரங்கி ராம் பாத்திரத்துக்கு வேறு ஆள் போடவில்லை. அவர் விட்டுப்போன இடத்தில் பெரும்பங்கு சாய்வாலாவின் கைக்கு வந்தது. ஒரு டாக்காக்காரருக்கு பிபிசியில் பெரிய வேடம் கிடைக்க, ஜான்சியில் பிறந்த ஆங்கிலேயர் ஒருவர் சாக வேண்டியிருந்தது என்று கொஞ்சம் கடுப்பாகவே சொல்லலாம்.

இந்தத் தொழிலின் நடைமுறையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். எண்பதுகளின் கடைசிவரை பிரிட்டனில் 'ஈக்விட்டி' நடிகர் சங்க அட்டை இல்லாமல் தொலைக்காட்சியில் வேலை பார்ப்பது குதிரைக்கொம்பு. அட்டை வாங்க வேண்டுமென்றால் ஏற்கெனவே வேலை பார்த்திருக்க வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதை. வெளியூர் நாடகக் குழுக்களில் மாதக்கணக்கில் நடித்து அட்டை சம்பாதிப்பது வழக்கமான வழி. அந்தக் குழுக்கள் போடுவதோ ஆங்கிலேயக் குடும்பக் கதைகள். அதில் நம்மூர் முகத்துக்கு என்ன வேலை?

இதையெல்லாம் தாண்டி உள்ளே போனால், அரைமணி நேர நகைச்சுவைத் தொடருக்கு ஒரு வார வேலை. முதல் சில நாள் ஏதாவது ஒரு வாடகைக் கூடத்தில் ஒத்திகை. தரையில் வண்ண ஒட்டுநாடாவால் கோடு போட்டிருப்பார்கள்; இது கதவு, இது சுவர் என்று நினைத்துக்கொண்டு நடக்க வேண்டும். கடைசி நாள் ஸ்டுடியோவில் கேமராவோடு ஒத்திகை. அன்று மாலை நேரடிப் பார்வையாளர்கள் முன்னால் பதிவு. இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சிரிப்பு எழும்போது அடுத்துப் பேசுபவர் தன் வசனத்தை நிறுத்திவைக்க வேண்டும்; அது அடங்கும் கணத்தைப் பிடித்துத் தொடங்க வேண்டும். முந்தினால் வசனம் சிரிப்பில் அமுங்கிவிடும், பிந்தினால் காட்சி தொய்ந்துவிடும். மூன்றே வரி வசனம் உள்ளவருக்கு இது இன்னும் கஷ்டம், ஏனென்றால் தவறவிட்டதைச் சரிக்கட்ட நான்காவது வரி கிடையாது.

மோசஸின் அந்தக் கும்பிடை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். கை கூடும், தலை தாழும், அப்புறம்தான் வசனம் வரும். கை கூடியதுமே பார்வையாளர்களுக்குத் தெரிந்துவிடும். அவர்கள் சிரிக்கத் தயாராகும் அந்த அரை நொடியை அவர் விட்டுக்கொடுத்து, அதன் மேல் வசனத்தை வைப்பார். எழுத்தில் அது வெறும் இரண்டு சொல்தான். மீதியெல்லாம் கைவேலை.

அந்த வகுப்பறையில் யார் யாராக இருந்தார்கள் என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. வின்ஸ் பவல் எழுதிய கதை இது: லண்டனில் ஒரு மாலைநேரக் கல்லூரி, ஆங்கிலம் கற்க வந்த வெளிநாட்டவர், அவர்களோடு மல்லுக்கட்டும் இளம் ஆசிரியர் ஜெரமி பிரவுன். ரஞ்சித் சிங் சுரங்க ரயிலில் வேலை பார்க்கும் பஞ்சாபி, கம்பளைக்காரர் நடித்தார். அவரோடு ஓயாமல் சண்டை போடும் பாகிஸ்தானி அலி நதீம். டாக்காவில் பிறந்த அதே டினோ ஷஃபீக். கிரேக்கராக வந்த கெவோர்க் மலிக்யான் துருக்கியில் பிறந்த ஆர்மேனியர். மாவோவின் சிவப்புப் புத்தகத்தோடு சீனப் பெண்ணாக வந்தவர் பினாங்கில் பிறந்த பிக்-சென் லிம். கையில் பின்னல் ஊசியும் நூலுமாக, ஏறக்குறைய ஆங்கிலமே தெரியாத ஜமீலா. அவர்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறவர். அந்த வேடத்தில் இருந்த ஜமீலா மாஸி, கணவர் ரெஜினால்ட் மாஸியோடு சேர்ந்து இந்திய இசை பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் எழுதியவர். புத்தகம் வெளிவந்து ஒன்றிரண்டு வருடத்தில், ஆங்கில எழுத்துகளோடு தடுமாறும் குடும்பப் பெண்ணாக கேமராவுக்கு முன் உட்கார்ந்தார். திரையில் தெரியும் அறியாமைக்குப் பின்னால் எவ்வளவு ஆங்கிலம் இருந்தது என்பதற்கு இதைவிட நேரடிச் சாட்சி வேண்டாம்.

நிஜ வாழ்க்கையில் சீக்கியர்களின் கதை வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. 1967 முதல் 1969 வரை வுல்வர்ஹாம்ப்டன் நகரில், பஸ் ஓட்டும்போது தலைப்பாகை கட்டிக்கொள்ளும் உரிமைக்காக அவர்கள் போராடி ஜெயித்தார்கள். அவர்கள் யாரிடமும் ஆயிரம் மன்னிப்பு கேட்டதாகத் தெரியவில்லை. எட்டே வருடத்தில் அதே தலைப்பாகை தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவைச் சாமானாக வந்து நின்றது.

1979 டிசம்பரில், மூன்று பருவங்களில் 29 அத்தியாயங்கள் ஓடிய பிறகு தொடர் நின்றது. பார்ப்பவர்கள் குறைந்து நின்றது இல்லை. கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்த தொடர் அது. தொடரைத் தயாரித்த எல்.டபிள்யூ.டி.யில் பொறுப்பில் இருந்த மைக்கேல் கிரேட், இனங்களை இப்படி அச்சில் வார்த்துக் காட்டுவது சரியில்லை என்று நிறுத்தினார். அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த முடிவால் ஒரே நாளில் வேலை போனது யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும். வாரச் சம்பளத்தோடு வெள்ளையரல்லாத நடிகர்கள் இத்தனை பேர் ஒரே தளத்தில் இருந்த தொடர்கள் அன்றைக்குப் பிரிட்டனில் எத்தனை இருந்தன? குறைசொல்லி நிறுத்தினார்களே தவிர, அதே நடிகர்களை வைத்து ஒழுங்கான வேறு தொடர் ஒன்றை யாரும் உடனே எடுத்துவிடவில்லை.

இன்னொரு பக்கம், கேலிக்கு ஆளானவர்களின் நாடுகளிலேயே அது சக்கைப்போடு போட்டது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், நைஜீரியா என்று விற்றுத் தீர்ந்தது. தூர்தர்ஷன் 1993இல் பங்கஜ் கபூரை ஆசிரியராக்கி 'ஸபான் சம்பால்கே' என்று இந்தியிலேயே எடுத்தது. அங்கே தமிழரும் ஒரு மாணவர். நமக்கு இதில் கோபம் வராததற்குக் காரணம் இருக்கிறது. கொழும்பிலோ சென்னையிலோ உட்கார்ந்து பார்க்கிறவருக்கு, ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுவது சொந்த அனுபவம். சிரிப்பு ஆங்கிலத்தின் மேல் விழுகிறது. மறுநாள் காலை பிர்மிங்ஹாம் பள்ளிக்கூடத்தில் சக மாணவர்கள் கையைக் கூப்பி "ஆயிரம் மன்னிப்புகள்" என்று தன்னைப் பார்த்து இளிப்பதை எதிர்கொள்ளும் சீக்கியப் பையனுக்கு அப்படி இருக்குமா? ஒரே காட்சி, இடம் மாறினால் குணமும் மாறிவிடுகிறது.

1986இல் வெளிநாட்டு விற்பனையைக் கருதி தொடரை மறுபடியும் 13 அத்தியாயங்கள் எடுத்தார்கள். ரஞ்சித் சிங் திரும்பி வந்தார். அலி வரவில்லை. டினோ ஷஃபீக் 1984 மார்ச்சில் மாரடைப்பில் இறந்திருந்தார், 54 வயதைத் தொட சில நாள் இருக்கும்போது.

தொடருக்கு முன்னும் அந்த இடைவெளியிலும் மோசஸ் என்ன செய்தார்? கிடைத்ததையெல்லாம் செய்தார். அவருடைய பட்டியலை எடுத்துப் பார்த்தால், ஒரு புலம்பெயர்ந்தவருக்குப் பிரிட்டன் என்னென்ன வேலை ஒதுக்கி வைத்திருந்தது என்று தெரிந்துவிடும். 1977இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் மதுக்கடைச் சிப்பந்தி. 1981இல் 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' படத்தில் ஆஸ்பத்திரி ஊழியர். 1982இல் பிங்க் ஃபிளாய்டின் 'தி வால்' படத்தில் துப்புரவுப் பணியாளர். பாத்திரத்துக்குப் பெயரே இல்லை, தொழில்தான் பெயர். 1983இல் 'ஆக்டபுஸி' வந்தபோது கொஞ்சம் உயர்வு: உதய்ப்பூரில் பாண்டுக்கு உதவும் பிரிட்டிஷ் உளவுத்துறை ஆள் சத்ருதீன். பக்கத்தில் கூட்டாளியாக நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். விஜய்க்குத் தன் சொந்தப் பெயரே பாத்திரத்தின் பெயர். சண்டையில் டென்னிஸ் மட்டையாலேயே அடிப்பார். பத்து வருடத்துக்கு மேல் நடிப்பே தொழிலாக இருந்தவர் பின்னால் நிற்க, விளையாட்டு வீரர் கைதட்டல் வாங்கிப் போகும் காட்சி அது. குணச்சித்திர நடிகருக்கு இது புதிதில்லை. கூலி வந்தால் சரி.

1984 ஒரு திருப்பம். ஆங்கிலேய ஆட்சிக்கால இந்தியாவைப் பற்றி கிரனாடா நிறுவனம் எடுத்த 'தி ஜுவல் இன் தி கிரவுன்' தொடர் 14 வாரம் ஓடியது. சயீத் ஜாஃப்ரி, ஸோஹ்ரா சேகல், ஜியா மொஹியுத்தீன் என்று அதுவரை பெரும்பாலும் துண்டு வேடங்களில் சிதறிக் கிடந்தவர்கள் எல்லோரும் ஒரே தொடரில், கண்ணியமான பாத்திரங்களில் வந்தார்கள். மோசஸுக்கும் அதில் ஒரு சின்ன வேடம். உச்சரிப்புக் கதைக்கு அந்தத் தொடரின் நாயகனே தக்க உதாரணம். ஆர்ட் மலிக் நடித்த ஹரி குமார், இங்கிலாந்தில் வளர்ந்து உயர்குடிப் பள்ளி ஆங்கிலம் பேசுகிறவன். இந்தி வராது. இந்தியாவுக்குத் திரும்பினால் வெள்ளைக்காரனுக்கு அவன் கறுப்பன், ஊர்க்காரர்களுக்கு அவன் துரை. பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஒரு பழுப்பு முகத்துக்குச் சுத்தமான ஆங்கிலத்தைக் கொடுத்தது. அந்த ஆங்கிலமே அவனுக்கு வினையாக வந்தது. (அதே 1984இல் டேவிட் லீன் தன் இந்தியப் படத்தில் பேராசிரியர் காட்போலே வேடத்துக்கு அலெக் கின்னஸுக்கே பழுப்பு மை பூசினார். எல்லாம் ஒரே நாளில் மாறிவிடுமா?)

அடுத்த வருடம் சேனல் 4இல் ஃபரூக் தோண்டி எழுதிய 'தந்தூரி நைட்ஸ்' வந்தது. ஜாஃப்ரி அதில் உணவகம் நடத்தும் ஜிம்மி ஷர்மா. கடையின் பெயர் 'தி ஜுவல் இன் தி கிரவுன்'. எதிர்க் கடையின் பெயர் 'தி ஃபார் பெவிலியன்ஸ்', அதுவும் அப்போது ஓடி முடிந்த இன்னொரு ஆங்கிலேய ஆட்சிக்காலத் தொடரின் பெயர். இந்தக் குறும்பை எழுத உள்ளேயிருந்து ஒருவர் வேண்டியிருந்தது. அதே 1985இல் பிபிசியின் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடங்கியது. முதல் அத்தியாயங்களிலிருந்தே அதில் ஒரு தெற்காசியத் தம்பதி. மளிகைக்கடை நடத்துகிறார்கள், வேறென்ன! 1972இல் உகாண்டாவிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களில் பலர் நிஜமாகவே தெருமுனைக் கடைகளை நடத்தினார்கள், அரசு மருத்துவமனைகளில் தெற்காசிய டாக்டர்கள் நிஜமாகவே ஏராளம், எனவே இதில் பொய் என்று எதுவும் இல்லை. கடைக்காரர் கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போய் என்ன செய்கிறார் என்று காட்டத்தான் தொலைக்காட்சிக்கு ரொம்ப வருடம் பிடித்தது.

அதைக் காட்டியவர்கள் அடுத்த தலைமுறை. சஞ்சீவ் பாஸ்கர், மீரா சையால், குல்விந்தர் கிர், நினா வாடியா நாலு பேரும் முதலில் வானொலியில், பிறகு 1998இல் பிபிசி தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'குட்னஸ் கிரேஷியஸ் மீ'. ஆமாம், பீட்டர் செல்லர்ஸ் பாடிய அதே பாட்டு. அதில் பேர்போன ஒரு காட்சி: பம்பாயில் ஒரு 'ஆங்கிலேய உணவகத்துக்கு' குடிபோதையில் போகும் இந்திய நண்பர்கள், சர்வரின் பெயரைக் கொலை செய்து, "இருப்பதிலேயே சப்பென்று இருப்பது எது, அதைக் கொண்டுவா" என்று வீறாப்பாகக் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை இரவுகளில் கறிக்கடைச் சிப்பந்திகள் அனுபவித்த அத்தனையும் அப்படியே தலைகீழாக. இவர்கள் உச்சரிப்பைத் தூக்கி எறியவில்லை. கையில் எடுத்து, வேண்டும்போது போட்டு, வேண்டாதபோது கழற்றினார்கள். மோசஸ் காலத்தில் போட மட்டும்தான் அனுமதி.

மோசஸ் அடுத்த வருடமே 'ஈஸ்ட் இஸ் ஈஸ்ட்' படத்தில் ஒரு சின்ன வேடத்தில் வந்தார். 1971இன் சால்ஃபோர்டில் மீனும் வறுவலும் விற்கும் பாகிஸ்தானித் தந்தையாக ஓம் புரி நடித்த படம். படம் பிரிட்டனில் பெரிய வெற்றி. நாயகன் வேடத்துக்கு இந்தியாவிலிருந்து ஆளை அழைத்துவந்தார்கள். முப்பது வருடமாக அங்கேயே இருந்தவர்களுக்குப் பழையபடி ஓர வேடங்கள்தான்.

கம்பளைக்காரர் பஞ்சாபியாவதும் டாக்காக்காரர் பாகிஸ்தானியாவதும் இன்றைக்கு நடக்காது என்று நினைத்தால், 2022இல் வந்த 'பிரிட்ஜர்டன்' இரண்டாம் பருவத்தைப் பார்க்கலாம். நாயகி கேட் ஷர்மாவாக நடித்த சிமோன் ஆஷ்லி தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். தங்கையாக வந்த சரித்ரா சந்திரனும் தமிழ்க் குடும்பம். துண்டு வேடம் இல்லை, முழுத் தொடரும் அவர்கள் தோளில்தான். ஆனால் குடும்பப் பெயர் வடக்கத்திய ஷர்மா. தங்கை அக்காவை 'தீதி' என்கிறாள், அக்கா தங்கையை வங்காள மொழியில் 'போன்' என்கிறாள். செத்துப்போன தந்தையைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'அப்பா'. அந்த ஒரு சொல்லை எப்படி உச்சரிப்பது என்று சிமோன் ஆஷ்லிக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியிராது.